அரசின் இணையத் தடைகளில் நீங்கள் அறிந்த மிக அபத்தமான ஒன்று எது?

2022இல் விஎல்சி பிளேயரின் தளத்தை முடக்கியதுதான். வீடியோ பார்க்க உதவும் மென்பொருள் அது. பாரீஸைச் சேர்ந்த வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்தே அதன் தளம் இந்தியாவில் பல இணைப்புகளில் திறக்கவில்லை. ஆகஸ்டில்தான் இது பரவலாகத் தெரியவந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டிருக்கிறது என்று ஓர் அறிவிப்பு மட்டும் வரும். ஏன் என்று ஒரு வரி கிடையாது.

ஹேக்கர்கள் சிலர் விஎல்சியோடு தீய கோப்பு ஒன்றைச் சேர்த்து ஓட்டினார்கள் என்று சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொல்லியிருந்தது. அதுதான் காரணமாக இருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். ஆனால் அந்த அறிக்கை வந்தது ஏப்ரலில், தளம் முடங்கியது பிப்ரவரியில். கணக்கு உதைக்கிறதே! கூகுள் பிளே ஸ்டோரில் அதே விஎல்சி தாராளமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும், "அதோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்கிக்கோங்க, வேற எங்கயும் வேண்டாம்" என்று சொல்லிப் பழகியவன் நான். அந்த ஒரு பாதுகாப்பான வாசலை மூடிவிட்டார்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஜனங்கள் எதை இறக்கியிருப்பார்களோ!

இதற்கெல்லாம் வேர் 2009இல் வந்த தடை விதிகள். தளத்தின் உரிமையாளரைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்க முயல வேண்டும் என்கிறது 8ஆம் விதி. வீடியோலேனோ தங்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை என்றது. புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 16ஆம் விதி. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்பதும் அந்தத் தீர்ப்புக்கு ஓர் அடிப்படை. சரி, உத்தரவையே கண்ணில் காட்டாவிட்டால் எதை எதிர்த்துப் போவது?

சினிமாவில் நிலைமை கொஞ்சம் தேவலை. 2016இல் 'உட்தா பஞ்சாப்' படத்தில் பஞ்சாப் என்ற பெயரையே எடுக்கச் சொன்னது தணிக்கை வாரியம். அதுவும் அபத்தம்தான். ஆனால் எதை வெட்டச் சொல்கிறார்கள் என்பது தயாரிப்பாளர் கையில் எழுத்தில் இருந்தது. அதை வைத்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஒரே ஒரு வெட்டோடு படத்தை வெளியிட்டார்கள்.

அப்புறம், 2006 ஜூலையையும் சொல்லியாக வேண்டும். மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின் சில பக்கங்களை மட்டும் முடக்கச் சொல்லி உத்தரவு போனது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளத்தையே மொத்தமாக மூடின. சமையல் குறிப்பு, கவிதை, சினிமா விமர்சனம் என்று தமிழ் வலைப்பதிவுகளில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. பாகிஸ்தானும் அதே ஆண்டு பிளாக்ஸ்பாட்டைத் தடுத்திருந்தது. அதைத் தாண்ட அங்கே உருவான பிகேபிளாக்ஸ் என்ற தளத்தின் வழியாகத்தான் இந்தியர்கள் பலர் தங்கள் சொந்தப் பதிவுகளையே படித்தார்கள்.

வீடியோலேன் 2022 அக்டோபரில் சட்ட நோட்டீஸ் அனுப்பி, உத்தரவின் நகலைக் கேட்டது. நவம்பரில் தடை நீங்கியது. இனிமேல் எந்தத் தளத்தை மூடினாலும், அந்த அறிவிப்புப் பக்கத்திலேயே உத்தரவின் நகலையும் காரணத்தையும் மேல்முறையீட்டு முகவரியையும் போட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.