வீதி மணலில் கை வைக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நான் மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறேன் என்பதால் வரைபடம் கீறித் தரும்படி கோயில் நிர்வாகியான வண்ணக்கர் கேட்டிருக்கிறார். பரிபாலன சபைக்கு வேண்டியது இராஜகோபுரம், கிரனைற் தரை, கோயிலைச் சுற்றியுள்ள மணல் வீதி முழுக்க இன்டர்லொக் கல். வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர் பணம் தரத் தயார். எனக்கோ ஜப்பானின் ஒசாக்காவில் தடாவோ அன்டோ கட்டிய ஒளித் தேவாலயம்போல அலங்காரமே இல்லாத ஒரு கோயில் கட்ட ஆசை. ஆகமம் இதற்கு இடம் தருமா? நவீனக் கட்டடத்தில் புனிதம் எப்படி வரும்? நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி ஒன்றுகூட இல்லையே. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தி., மட்டக்களப்பு

தம்பி,

கோயில் விஷயமாக வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. போட்டால் யாராவது ஒரு சபைக்காரர் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பார். ஆனால் உமது கடிதத்தில் 'வீதி முழுக்க இன்டர்லொக்' என்று கண்டதும் பேசாமலிருக்க முடியவில்லை. கொஞ்சக் காலமாகவே அதைத்தான் மனதுக்குள் ஏசிக்கொண்டு திரிகிறேன்.

ஆகமத்தை விடும். கோயில் பூசகரான கப்புகனார் கண்ணகிக்குச் செய்யும் சடங்கு எந்த ஆகமத்திடம் அனுமதி கேட்டுத் தொடங்கியது? வைகாசியில் கதவு திறக்கிறது. குளிர்த்தி பாடி முடிந்ததும் கதவு அடைபடுகிறது. மற்ற நாளில் அந்தப் பக்கம் போகிறவன் அடைத்த கதவைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறான். மண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த காலத்திலும் அம்மனுக்கு ஒரு குறையும் வரவில்லை. சீமெந்தில் கட்டும், கபுக்கல்லில் கட்டும், அது உமது படிப்பு. நான் அதில் தலையிடமாட்டேன்.

முன்மாதிரி இல்லை என்று எழுதியதற்குத்தான் கோபம் வந்தது. மொறட்டுவையில் பஸ் ஏறினால் கொழும்பு எவ்வளவு தூரம்? பேரை வாவியில் ஜெஃப்ரி பாவா 1970களில் கட்டிய சீமா மாலகத்தைப் போய்ப் பார்த்தீரா? தண்ணீருக்கு மேலே மேடை, அதில் மரத்தாலான மண்டபங்கள், நான்கு பக்கமும் காற்று. பௌத்தப் பிக்குகளுக்கான அந்த இடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதியர், இறந்துபோன தம் மகனின் நினைவாக. அதே பாவா 1960களின் தொடக்கத்தில் பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். இரண்டையும் பார்க்காமல் ஒசாக்காவுக்கு ஓடுகிறீர்.

சரி, ஒசாக்காவுக்கே போவோம். 1989இல் அன்டோ கட்டிய அந்தத் தேவாலயத்தின் படத்தில் நீர் பார்த்தது, கொங்கிறீற்றுச் சுவரில் சிலுவை வடிவில் வெட்டிய இடைவெளியும் அதனூடாக வரும் வெளிச்சமும். அந்தச் சபையிடம் பணம் இருக்கவில்லை. தரைக்கும் வாங்குகளுக்கும் போட்டது சாரம் கட்டும் பலகை. கூரை போடக் காசு வருமா என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகம். சிலுவை வெட்டுக்குக் கண்ணாடி போடவேண்டாம், வெளிச்சத்தோடு காற்றும் வரட்டும் என்பது அன்டோவின் விருப்பம். சபையார் குளிருக்குப் பயந்து கண்ணாடி போடுவித்தார்கள். வெளியை உள்ளே கொண்டுவர அந்த மனிதன் அவ்வளவு பாடுபட்டான். உமது ஊரிலோ சனம் காலம் காலமாக வெளியில் இருந்துதான் கும்பிடுகிறது. மூலஸ்தானத்துக்குள் கப்புகனார் மட்டும்தான் போவார். மற்ற எல்லாருக்கும் கோயில் என்பது வீதி. அந்த வீதியைக் கல்லால் மூடப்போகிறார்கள். நீர் சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்!

சடங்கு இரவில் முழு இராத்திரியும் வீதியில் கிடந்திருக்கிறீரா? மொறட்டுவைக்குப் போனபிறகு விடும், சின்ன வயதில்? என் அம்மம்மா பன்பாயை விரிக்குமுன் கையால் மணலை அளைந்து, இடுப்பு வரும் இடத்தில் ஒரு குழி பறிப்பா. பிறகு பாயைப் போட்டுச் சரிந்து படுப்பா. "இப்ப படு மனே, மெத்தைதான்." எங்களைச் சுற்றிப் பாயும் பெட்டியுமாக ஊர் முழுக்கக் கிடக்கும். உள்ளே கண்ணகி கதையான வழக்குரை படிக்கிற குரல் வந்துகொண்டிருக்கும். கோவலனை வெட்டுகிற இடம் வந்ததும், தூங்குகிறா என்று நான் நினைத்த அம்மம்மா முந்தானையால் மூக்கைத் துடைப்பா. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அதே அழுகை. விடியற்புறம் மணல் குளிர்ந்து, பாய்க்கு வெளியே நீட்டிய கால் சில்லென்று இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டை வேப்பிலையும் தண்ணீரும் பாட்டுமாக ஆற்றுகிறார்கள். தெளித்த தண்ணீர் மணலில் விழுந்த இடத்திலேயே போய்விடும்.

இப்போது கல்லுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு கோயில், பெயர் வேண்டாம். சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லொக் பதித்து, அதன்மேல் உபயகாரர் பெயரும் வெட்டி வைத்திருக்கிறார்கள். போன வைகாசியில் அங்கே போனேன். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானப் பூசைக்குச் செருப்பைக் கழற்றிய பெண்கள் கைப்பிள்ளையோடு நிழலுக்கு ஓடுகிறார்கள். தோசைக்கல்லில் கால் வைத்ததுபோல். இரவு எட்டு மணிக்குக் கையை வைத்துப் பார்த்தேன், கல் இன்னும் சுட்டது. சூடாற்றும் அம்மனுக்கு சூடு பிடித்துவைக்கிற முற்றம்! அங்கே இராத்திரிக்கு யார் படுப்பது? பூசை முடிந்ததும் சனம் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது. வழக்குரை படித்தவர் ஒலிபெருக்கிக்கும் வெறும் கல்லுக்கும் படித்தார்.

மாரியில் இன்னொரு கூத்து. நமது மழை உமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் இந்த மாவட்டம் எப்படிக் கிடந்தது என்றும் நினைவிருக்கும், அப்போது நீர் சின்னப் பிள்ளை. மணல் வீதி மழையைக் குடிக்கும். கல்லுக்குக் கீழே கிறவலைப் போட்டு உருளையால் இறுக்கிவிட்டால் குடிக்காது. அங்கே தண்ணீர் மடைப்பள்ளிக்குள் வந்தது, மிச்சம் பக்கத்து வளவுக்குப் போனது. பக்கத்து வளவுக்காரர் மதில் எழுப்பிவிட்டார். அவருக்கும் சபைக்கும் இப்போது பேச்சில்லை.

வண்ணக்கரிடம் ஒன்று கேளும். சடங்குக் கம்பமான கல்யாணக்காலை எங்கே நடுவீர்கள்? பொங்கலுக்கு எங்கே அடுப்பு வெட்டுவீர்கள்? ஒரு கோயிலில் காலை நடுவதற்கென்று சீமெந்தில் துளை விட்டு, மற்ற நாட்களில் அதை இரும்பு மூடியால் மூடிவைத்திருப்பதைக் கண்டேன். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீக்குழி வெட்டுகிறார்களே, அதுவும் மண் இருப்பதால்தான். நமது சடங்கு ஒவ்வொன்றும் தரையைத் தோண்டும், நடும், நனைக்கும், எரிக்கும். கட்டடக்கலை படிக்கிற பிள்ளை சடங்குக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதாமல் எப்படிக் கோடு கீறலாம்?

மணலில் புல் முளைக்கிறது, கூட்ட ஆளில்லை, வயதானவர்களுக்கு நடக்கக் கஷ்டம் என்று சபை சொல்லும். கடைசியாகச் சொன்னது நியாயம். சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு வாசலிலிருந்து மண்டபம் வரை ஒரு பாதை போடும், போதும். புல்லுக்கும் கூட்டுவதற்கும் ஊரில் கையில்லை என்றால் இராஜகோபுரத்தைக் கழுவ எங்கிருந்து கை வரும்?

டாக்காவில் மெரினா தபஸ்ஸும் கட்டிய பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலின் வரைபடத்தையும் தேடிப் பாரும். அன்டோவைவிட உமக்கு அதுதான் உதவும், அவர்களுக்கும் வெக்கையும் வெள்ளமும்தான். நிலம் கொடுத்தது அவருடைய பாட்டி. 2012இல் முடிந்தது, 2016இல் ஆகா கான் விருது பெற்றது. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை, முழுக்கச் செங்கல். வெள்ளத்துக்காக உயர்த்திய மேடை. கூரையில் சின்னச் சின்ன வட்டத் துளைகள், அவற்றால் தொழுகைத் தரையில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும். பக்கங்களில் காற்று வர முற்றங்கள். அதைக் கண்டு கூரையில் துளை போட்டுவிட்டு வராதீர். அந்தப் பெண் தன் ஊரின் மழையையும் காற்றையும் முதலில் படித்தார், அதைப் பாரும்.

கோபுரம்தான் கோயில் என்று யாராவது அடம்பிடித்தால் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போம். கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரத்தை 2004 சுனாமி ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்காக யாரும் முருகனைக் கும்பிடாமல் விடவில்லை.

இந்த வயதில் ஊர்க் கோயிலுக்காக ராத்திரி விழித்திருந்து கடிதம் எழுதுகிற பிள்ளைகள் குறைவு. அதனால்தான் இவ்வளவு ஏசினேன், மனதில் வைக்காதீர். விடுமுறைக்கு வரும்போது கப்புகனாரோடும், கோயிலைக் கூட்டுகிற அந்த அம்மாவோடும் பேசும். சபையோடு பேசுவது பிறகு. மாரியில் ஒரு நாள் குடையோடு வீதியில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குறியும். வரைபடம் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பும். கோபுரத்தைப் பார்க்கமாட்டேன், வீதிக்கு என்ன நிறம் அடித்திருக்கிறீர் என்றுதான் பார்ப்பேன்.