பட்டைத் தோலும் சனிக்கிழமைக் கூலியும்

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டில் நண்பனோடு சேர்ந்து தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் குரோமிய ரசாயனத்தில் பதனிட்ட குரோம் தோலைத் தொடுவதில்லை, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டது மட்டும்தான் என்று ஆரம்பித்தோம். இப்போது சென்னைக் கடை ஒன்று குரோம் தோலில் 500 பை கேட்கிறது. பணம் 90 நாள் கழித்துத்தான். கூலிக்கே திணறுகிறோம். ‘முதலில் தொழில் நிற்கட்டும், கொள்கையை அப்புறம் பார்க்கலாம்’ என்கிறான் நண்பன். என்ன செய்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் கொள்கையையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பாலாற்றுக்காக என்றால் குரோமை விட்டால் மட்டும் போதாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும் தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது. நிலத்தடி நீர் உவர்ப்பானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பட்டையில் பதனிட்டாலும் அந்த உப்பு வரத்தான் செய்யும். பட்டைக் கழிவுநீரும் அப்படியே வாய்க்காலில் விடக்கூடியதல்ல.

1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்பு வசதி இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. நீங்களும் அதையே கேளுங்கள். தோல் தரும் டேனரியின் கழிவுநீர் எங்கே போகிறது? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பு இருக்கிறதா? நேரில் போய்ப் பார்த்தீர்களா? ஓடையில் திறந்துவிடும் பட்டை டேனரியைவிட ஒழுங்காகச் சுத்திகரிக்கும் குரோம் டேனரி எனக்கு மேல். இதில் மட்டும் வளையாதீர்கள். குரோம் பையில் உங்கள் பட்டைத் தோல் முத்திரையும் போகக் கூடாது. அது கடையின் பெயரிலேயே போகட்டும்.

எனக்குப் பயம் குரோமைப் பற்றியல்ல, அந்த 90 நாளைப் பற்றித்தான். ஒத்துக்கொண்டால் நீங்கள் கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள், அதுவும் தையல்காரர் கூலியிலிருந்து. ஆற்றின் மேல் இத்தனை அக்கறை உள்ளவர்களுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு நிற்பவர் கொள்கைக்குள் வரவில்லையா?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கான பணம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. இதற்கு உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும்; அது இலவசம், உடனே செய்துவிடுங்கள். ஆனால் நாளைக்கும் ஆர்டர் வேண்டிய கடைக்காரர் மேல் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள்? ஆகவே சட்டத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, தோல் வாங்கும் செலவையாவது முன்பணமாகக் கேளுங்கள். தயங்கினால் முதலில் 100 பை மட்டும் தைத்துக் கொடுத்து, பணம் வந்த பிறகு மீதியைத் தொடங்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால், அந்த ஆர்டர் பட்டைத் தோலில் வந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நண்பரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். பேரம் பேச அவர்தான் சரியான ஆள் என்று தோன்றுகிறது. கடைக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.