பிரிட்டனின் பாரம்பரிய பப்கள் அழிந்து வருகின்றன என்கிறார்களே, உண்மையில் அங்கே என்ன மாறியிருக்கிறது?

எண்ணிக்கையைக் கேட்டால், ஆமாம், குறைந்துகொண்டேதான் வருகிறது. 2000 வாக்கில் 60 ஆயிரம் பப்கள் இருந்தன, இப்போது சுமார் 45 ஆயிரம். காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பல்லவிதான்: புகை பிடிக்கத் தடை வந்தது, சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் குடிப்பதில்லை. எல்லாம் பாதி உண்மை. பர்மிங்காம் பக்கம் பல வருடமாகக் குடியிருந்து, வாரத்தில் ஒரு சாயங்காலமாவது பப்பில் உட்காருகிறவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. பப்பின் தலையெழுத்தை மாற்றியது குடிக்கிறவர்கள் இல்லை, அந்தக் கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

முதலில் பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறோம்? பழைய பப்பில் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அறைகள் இருக்கும். ஒரு கதவு பப்ளிக் பாருக்குப் போகும்: பலகைத் தரை, பலகையில் அம்பெறியும் டார்ட்ஸ் விளையாட்டு, ஆலை வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வருகிறவர்கள். இன்னொரு கதவு சலூன் பாருக்கு: கம்பளம், மெத்தை வைத்த இருக்கை, அதே பீருக்கு ஒன்றிரண்டு பென்னி கூடுதல். மூலையில் ஸ்னக் என்று ஒரு குட்டி அறை, வெளியில் தெரியாமல் ஒரு கிளாஸ் குடிக்க நினைக்கிறவர்களுக்காக. 1960, 70-களில் பெரிய பீர் கம்பெனிகள் இந்தச் சுவர்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கின. ஒரே ஆள் கவுண்டரில் நின்றபடி மொத்த இடத்தையும் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் மிச்சம். "பாரம்பரியம் போச்சே" என்று இன்றைக்குப் புலம்புகிறவர்களில் பாதிப் பேர் நினைவில் வைத்திருப்பதே இந்த இடித்த பப்பைத்தான், அது வேறு விஷயம்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். வெகு காலமாக பீர் காய்ச்சும் கம்பெனிகள்தான் பப்களுக்கும் சொந்தக்காரர்கள், அவர்கள் பப்பில் அவர்கள் பீரைத்தான் விற்க வேண்டும் என்று ஒரு கட்டு. ஆறு கம்பெனிகளின் கையில் சந்தையே இருக்கிறதே என்று 1989-இல் தாட்சர் அரசு ஓர் ஆணை போட்டது: 2,000-க்கு மேல் பப் வைத்திருக்கும் கம்பெனி, மேலே இருப்பதில் பாதியை அந்தக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். போட்டி வரும், விலை குறையும் என்பது கணக்கு. நடந்ததோ வேறு. கம்பெனிகள் மொத்தம் மொத்தமாக விற்க, ஒரு சொட்டு பீர் காய்ச்சாத, கட்டடங்களை மட்டும் வைத்துக்கொண்டு சம்பாதிக்கும் 'பப்கோ'க்கள் முளைத்தன. பன்ச், என்டர்பிரைஸ் இரண்டும் அவற்றில் பெரியவை. பப்பை நடத்துகிறவர் இவர்களுக்கு வாடகையும் கட்ட வேண்டும், பீரையும் இவர்களிடமே வெளிச்சந்தையை விடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். அந்த வாடகை வருமானத்தைக் காட்டியே இந்தக் கம்பெனிகள் தலைக்கு மேல் கடன் வாங்கின, 2008 நெருக்கடி வந்ததும் கடனை அடைக்க பப்களை வரிசையாக விற்றுத் தள்ளின.

2007 ஜூலையில் இங்கிலாந்தில் புகைத் தடை வந்தது, 2008-லிருந்து சில வருடம் பீர் வரியும் விலைவாசியை முந்திக்கொண்டு ஏறியது, இதெல்லாம் அடிதான். ஆனால் நான் பார்த்தவரை சொந்தக் கட்டடம் வைத்திருந்தவர்கள் அந்த அடியைத் தாங்கினார்கள், இரண்டு பக்கமும் கப்பம் கட்டியவர்கள்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன் என்று கேட்கும் உரிமை 2016-இல்தான் வந்தது, அதுவும் பெரிய கம்பெனிகளின் பப்களுக்கு மட்டும்.

அதோடு 2017 வரை இங்கிலாந்தில் ஒரு பப்பைக் கடையாக மாற்றத் தனியாகத் திட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை. சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது: கீழே தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, பச்சை ஓடு பதித்த சுவரில் லாட்டரி விளம்பரம், மேலே கல்லில் செதுக்கிய பழைய பப்பின் பெயர் அப்படியே. லண்டன் மெய்டா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை 2015-இல் அனுமதியே இல்லாமல் இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை, பழையபடி செங்கல் செங்கலாகக் கட்டிக் கொடு என்றது, 2021-இல் திரும்பத் திறந்தது. எங்கள் பக்கம் ஹிம்லியில், சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் சாய்ந்தே நின்ற குரூக்கட் ஹவுஸ் 2023 ஆகஸ்டில், கை மாறிய சில நாட்களிலேயே தீப்பிடித்தது, இரண்டு நாளில் அதை இடித்துத் தரைமட்டமும் ஆக்கினார்கள். அதையும் கட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

தப்பித்தவை பெரும்பாலும் சாப்பாட்டால் தப்பித்தன. 1991-இல் லண்டனில் தி ஈகிள் தொடங்கி வைத்த 'காஸ்ட்ரோபப்' பாணி இது. நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா மேசையிலும் 'ரிசர்வ்டு' அட்டை இருந்தால், தனியாக வந்து ஒரு பைன்ட் பீரோடு இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுக்கும் கிழவர் எங்கே போவார்? என்னைப் பொறுத்தவரை உண்மையில் போனது இதுதான்.

ஆனால் அந்த குணம் எதிர்பாராத இடங்களில் பிழைத்துக் கிடக்கிறது. எனக்குப் பிடித்தது ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் பக்கத்து தேசி பப்கள். வார்ப்பாலைகளில் வேலை பார்க்க வந்த பஞ்சாபிகளுக்கு 1960-களில் இங்கே பல பப்களில் சில அறைகளில் இடம் கிடையாது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கு வந்தபோது புளூ கேட்ஸ் பப்பின் 'ஸ்மோக் ரூம்' என்ற தனி அறையில் அவருக்கே ஊற்ற மறுத்தார்கள். அந்த வருடக் கடைசியில்தான் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிறகு நொடிந்துபோன பப்கள் பலவற்றை பஞ்சாபிகளே எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். இன்று மேட்ச் இருக்கும் நாளில் போய்ப் பாருங்கள்: இரும்புத் தட்டில் வெங்காயம் கருகக் கருக மிக்ஸ்டு கிரில் வரும், லாம்ப் சாப், சீக் கபாப், கோழி எல்லாம் புகையோடு. பக்கத்து மேசையில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கால்பந்து அணியின் ஜெர்சி போட்ட வெள்ளைக்காரத் தாத்தா நானைக் கிழித்து எலுமிச்சை பிழிந்துகொண்டிருப்பார். கவுண்டர் ஓரத்தில் இருபது வருடமாக அதே ஸ்டூலில் உட்காரும் சர்தார்ஜி ஒருவர், அவர் வந்தால் கேட்காமலேயே கிளாஸ் நிரம்பும்.

இன்னொன்று மைக்ரோபப் என்கிற குட்டி பப். 2005-இல் கென்ட்டில் ஹெர்ன் என்ற ஊரில் பழைய கறிக்கடை ஒன்றில் ஆரம்பித்தது, இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது, பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுவார்கள், பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

வருவதாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரி நகர மையத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், வார நாளில் க்விஸ் நடக்கும் பப்பாகப் பார்த்துப் போங்கள். பழைய மாதிரிப் பப்பில் மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், நீங்களேதான் கவுண்டருக்குப் போக வேண்டும். வரிசையும் இருக்காது, ஆனால் அடுத்தது யார் என்று ஊற்றுகிறவருக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும், பணத்தை ஆட்டிக் கூப்பிட்டால் கடைசியில்தான் வருவார்கள். கூட வந்தவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்த ரவுண்டு உங்களுடையது. குடிக்கிற பழக்கம் இல்லையென்றால் ஒரு லெமனேட் வாங்கிக்கொண்டு உட்காருங்கள், ஏன் குடிக்கவில்லை என்று யாரும் குடைய மாட்டார்கள்.