பவளம் வெளுத்தால் முதலில் வெள்ளை எங்கே என்று பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் மூன்றடிப் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன். சுமார் 200 லிட்டர், இரண்டு வருடமாக நன்றாக ஓடியது. இப்போது பத்தே நாளில் மான்டிப்போரா தட்டு, பேர்ட்ஸ்நெஸ்ட், டார்ச் என்ற மூன்று பவளங்களும் வெளுத்துவிட்டன. மீன்களுக்கு ஒன்றுமில்லை. நேற்றிரவு எடுத்த அளவுகள்: வெப்பம் 26.5 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை 8.2 டி.கே.எச்., கால்சியம் 420, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. மூன்று வாரத்துக்கு முன் பழைய டி5 குழல்விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினேன், 80 சதவீதத்தில் எரிகிறது. அதே வாரம் கண்ணாடியில் பாசி படிகிறதே என்று பாஸ்பேட் உறிஞ்சும் துகளும் தண்ணீர் வடிகட்டும் புதுக் கரியும் போட்டேன். பாதித் தண்ணீரை மாற்றி அயோடின் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: செய்யாதீர்கள். அயோடின் பாட்டிலை மூடி வையுங்கள், வாளியையும் ஓரமாக வையுங்கள். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. அதைச் சாகடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு பதறிப்போய் நாம் செய்யும் வைத்தியம்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதையாகிவிடும்.

பவளத்தின் சதை கண்ணாடி போன்றது. நாம் பார்க்கும் பழுப்பு பெரும்பகுதி அதன் சதைக்குள் குடியிருக்கும் ஸூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகளால் வருவது. அந்தப் பாசிகள் ஒளியில் சமைக்கிற சர்க்கரைதான் பவளத்தின் முக்கியச் சாப்பாடு. ஒளியோ வெப்பமோ தாங்கமுடியாத அளவுக்குப் போனால் பாசியின் சமையல் பழுதாகி, நஞ்சான ஆக்சிஜன் கசியத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் குடித்தனக்காரரை வெளியேற்றுகிறார். பாசி போனதும் கண்ணாடிச் சதை வழியாக அடியிலிருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. அதுதான் வெளுப்பு. பவளம் உயிரோடு இருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது.

இதையும் சதை அழுகலையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டும் வெள்ளைதான், ஆனால் வைத்தியம் வேறு. இன்றிரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து மான்டிப்போராவைப் பாருங்கள். பாலிப் என்னும் சின்ன மொட்டுகள் கண்ணாடி முடி போல நீட்டிக்கொண்டிருந்தால் சதை இருக்கிறது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் தொட்டித் தண்ணீரையே மெல்லப் பீய்ச்சிப் பாருங்கள். ஈரக் காகிதம் போல ஏதும் பிய்ந்து வந்தால் அது அழுகல். பிய்ந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, நல்ல பகுதியில் வெட்டிப் பிரித்துவிட வேண்டும். உங்கள் படங்களில் அப்படித் தெரியவில்லை.

இனி அந்த இரண்டாவது படம். கேள்விக்கான விடையை நீங்களே எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மான்டிப்போரா தட்டின் மேல்புறம் சுண்ணாம்பு அடித்தாற்போல் இருக்கிறது. ஆனால் இடது ஓரத்தில், மேலே டார்ச் சாய்ந்து நிழல் விழும் இடத்தில், வட்டமாக ஒரு பழுப்புத் திட்டு மிச்சமிருக்கிறது. வெயிலில் அலைந்தவர் காலில் செருப்பு வார் தடம் விழுமே, அதேதான். பேர்ட்ஸ்நெஸ்டிலும் மேல் கிளைகள்தான் வெளுத்திருக்கின்றன, அடிக்கிளைகளில் நிறம் இருக்கிறது. தண்ணீரில் கோளாறு என்றால் அது நிழல் பார்த்து ஒதுங்காது. உங்கள் பவளங்களைச் சுட்டது விளக்கு.

வேறு காரணங்களாக இருந்தால் வெள்ளை வேறு இடத்தில் விழும். காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கினால் கிளைப் பவளங்கள் அடியிலிருந்து மேலேறி உரியும், அல்லது நுனி மட்டும் கருகும். வெப்பமோ உப்போ எகிறியிருந்தால் நிழலில் இருப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே வெளுக்கும், மெதுப்பவளங்களும் சுருங்கும். செம்பு, குளோரமின் மாதிரி நஞ்சு கலந்தால் இறாலும் நத்தையும் முதலில் தள்ளாடும். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் உண்டு, அதனால் ஆர்.ஓ. கருவியின் கரிவடியை எப்போது மாற்றினீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முறை குற்றவாளி அது இல்லை.

‘பழைய விளக்கைவிடப் புதியது கண்ணுக்கு மங்கலாகத்தானே தெரிகிறது’ என்பீர்கள். எல்லோரும் ஏமாறும் இடம் அது. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கலாகத்தான் தெரியும். பாசிக்கோ நீலம்தான் விருந்து. நீலம் தூக்கலான எல்.இ.டி.யின் கீழ் தொட்டி அந்திப்பொழுது போலத் தோன்றும், உள்ளே பவளத்துக்கு உச்சிவெயில். குழல்விளக்கு ஒளியைப் பரவலாகத் தூவும், எல்.இ.டி. லென்ஸ் வழியாக ஓரிடத்தில் கொட்டும். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்க பார் மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. விலைக்கு வாங்க வேண்டாம், பவளம் வளர்க்கும் நண்பர்களிடம் இரவல் கிடைக்கும். டார்ச் இருக்கும் இடத்தில் 80 முதல் 150 வரை, மற்ற இரண்டுக்கும் 200 முதல் 300 வரை இருந்தால் போதும். 80 சதவீதத்தில் எரியும் உங்கள் விளக்கின் நேர்கீழே அதைவிட மிக அதிகம் காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதோடு அந்தக் கரி. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பழகிய தொட்டித் தண்ணீர் லேசாக மஞ்சளித்திருக்கும். ஒரு வெள்ளை வாளியில் மொண்டு பார்த்தால்தான் தெரியும். அந்த மஞ்சள், நீல ஒளியை வடிகட்டும் இயற்கைத் திரை. புதுக் கரியை மொத்தமாகப் போட்டால் ஓரிரு நாளில் திரை விலகிவிடும். விளக்கையும் மாற்றி, திரையையும் அதே வாரம் விலக்கியிருக்கிறீர்கள். நானே பல வருடங்களுக்கு முன் விளக்கைத் தொடாமல், கரியை மட்டும் இரண்டு மடங்கு போட்டு ஒரு நல்ல மான்டிப்போராவை வெளுக்க வைத்தவன்தான்.

மூன்றாவது கை, நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த இரண்டு பூஜ்யங்கள். கடைகளில் பூஜ்யம் என்றால் கைதட்டுகிறார்கள். பவளத்துக்கும் அதன் பாசிக்கும் கொஞ்சம் நைட்ரேட்டும் கொஞ்சம் பாஸ்பேட்டும் வேண்டும். பாஸ்பேட் இல்லாத பாசி, ஒளியால் பழுதான தன் உறுப்பைச் சரிசெய்துகொள்ள முடியாமல் திணறும். சாதாரண நாளில் தாங்கியிருக்கக்கூடிய வெயிலைப் பட்டினியில் தாங்க முடியவில்லை.

வெப்பத்தை மட்டும் இன்னும் முழுசாக விடுவிக்க மாட்டேன். 26.5 என்பது இரவு, ஏ.சி. ஓடும்போது எடுத்தது. நீங்கள் வேலைக்குப் போனபின் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது? அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் வெப்பமானியை இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். கடலில், வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி நாலு வாரம் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் ஆனது, உங்கள் தெற்குத் தீவுகளிலும் 2016, 2024 இரு முறையும் அதே கதை. தினமும் 29ஐத் தாண்டுகிறது என்றால் நீரின் மேல் காற்று வீசும்படி ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்.ஓ. நீரைத் தினமும் ஈடுசெய்ய மறந்தால் உப்பு ஏறிவிடும், அது இன்னொரு தலைவலி.

இனி செய்ய வேண்டியது. விளக்கை இன்றே 35 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஒளியைக் கூட்டத்தான் நாள் எடுக்க வேண்டும், குறைப்பதற்கு வேண்டாம். முழு ஒளி ஆறு மணி நேரம் போதும். விளக்கைக் குறைக்க வசதியில்லாதவர்கள் தொட்டியின் மேல் ஜன்னல் கொசுவலையை இரண்டு மூன்று மடிப்பாக விரிக்கலாம், வாரத்துக்கு ஒரு மடிப்பு எடுக்கலாம். நிறம் திரும்பத் தொடங்கியபின் வாரம் ஐந்து சதவீதம் ஏற்றுங்கள், அவசரமே இல்லை. பவளங்களை இடம் மாற்ற வேண்டாம். பாஸ்பேட் துகளையும் கரியையும் வெளியே எடுங்கள். மீன்களுக்கு ஒருவேளைச் சாப்பாட்டை இரண்டு வேளையாக்குங்கள். நைட்ரேட் 5 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 பக்கம் மெல்ல வரட்டும். டார்ச்சுக்கு வாரம் இரண்டு இரவு, மைசிஸ் இறால் ஒன்றிரண்டை அதன் நீண்ட உணர்கொம்புகளில் விடுங்கள். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அழுகித் தண்ணீர் கெடும். கண்ணாடியில் பாசி கொஞ்சம் வரும், துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு கண்ணி இருக்கிறது. வெளுத்த பவளம் கூடு கட்டுவதைக் குறைத்துவிடும், அதனால் கால்சியமும் காரமும் முன்போலச் செலவாகாது. அவற்றைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருந்தால் உங்கள் 8.2 ஒரு வாரத்தில் 10ஐத் தொட்டுவிடலாம். ஊட்டம் குறைந்த தண்ணீரில் காரம் ஏறினால் நுனிகள் கருகும், பிறகு அதற்கும் விளக்கைத் திட்டுவீர்கள். அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை மட்டும் அளந்து, ஏறினால் டோஸைக் குறையுங்கள். மற்ற அளவுகளை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தண்ணீர் மாற்றுவதும் வழக்கமான பத்து சதவீதத்தோடு நிற்கட்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து மொட்டுகளைச் சுற்றித் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு தெரிய வேண்டும். பழைய நிறம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், முதலில் அசிங்கமான பழுப்பாகத்தான் வரும். வெள்ளைக் கூட்டின் மேல் பச்சைப் பாசி நூல் நூலாகப் பற்றினால் அந்த இடத்தில் சதை போய்விட்டது என்று பொருள். டார்ச்சின் தலையில் பழுப்புக் கூழ் திரண்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். பம்புகளை நிறுத்தி, குழாயால் கூழை வெளியே உறிஞ்சி எடுத்து, அந்தத் தலையைத் தனியே வெட்டி எடுத்துவிடுங்கள், நள்ளிரவானாலும் சரி. பேர்ட்ஸ்நெஸ்டின் உச்சிக்கிளைகள் பிழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அடிக்கிளைகளில் நிறம் இருப்பதால், அங்கிருந்து இப்போதே இரண்டு துண்டு ஒடித்து நிழலான மூலையில் ஒட்டி வையுங்கள்.