காஃப்காவில் ரூட்டிங், ஃபில்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

புதியவர்களுக்கு: காஃப்கா என்பது செய்திகளை வாங்கிச் சேமித்து, கேட்கும் அப்ளிகேஷன்களுக்குக் கொடுக்கும் மென்பொருள். அதன் சர்வர்தான் புரோக்கர், செய்திகளைப் பெயரிட்டுச் சேர்க்கும் இடம் டாபிக், அதைப் படிக்கும் அப்ளிகேஷன் கன்ஸ்யூமர்.

திருவொற்றியூர்: அக்கா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் ஜிபிஎஸ் முழுக்க ஒரே டாபிக்கில் வருது. துறைமுக கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் செய்தி வேணும். புரோக்கரிலேயே ஃபில்டர் பண்ண முடியாதா?

முடியாது தம்பி. புரோக்கருக்கு உன் செய்தி வெறும் பைட்டுகள், உள்ளே லாரியா மீனா என்று பார்க்காது. நடுவில் ஒரு காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் அப்ளிகேஷன் (ஒரு டாபிக்கைப் படித்து, அலசி, வேறு டாபிக்கில் எழுதும் நிரல்) வைத்து, வேண்டியதை மட்டும் தனி டாபிக்கில் எழுது. ஆனால் உன் கேள்வியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'நுழைவது' வேறு, 'உள்ளே இருப்பது' வேறு. வெறும் ஃபில்டர் போட்டால், கேட்டுக்கு உள்ளே வரிசையில் நிற்கும் லாரி அனுப்பும் ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளியும் 'நுழைந்தது' என்று வந்து குவியும். லாரி எண்ணை கீயாக (செய்தியோடு போகும் அடையாளமாக) வைத்து, அந்த லாரி கடைசியாக வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்பதை ஸ்டேட் ஸ்டோரில் (ஸ்ட்ரீம்ஸ் தன் நினைவை வைக்கும் இடத்தில்) வைத்துக்கொள். வெளியே இருந்தது உள்ளே மாறினால் மட்டும் எழுது. கேட் ஓரத்தில் ஜிபிஎஸ் தத்தளிக்கும், அதனால் தொடர்ந்து சில புள்ளிகள் உள்ளே விழுந்த பிறகு நம்பு. ஃபில்டரில் விழாததைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடாதே, குறைந்தது எண்ணிக்கையாவது வை.

வியாசர்பாடி: பார்ட்டிஷனை 6லிருந்து 12 ஆக்கலாமா?

ஆக்கலாம். பார்ட்டிஷன் என்பது டாபிக்கின் ஒரு பகுதி, செய்திகளின் வரிசை அதற்குள் மட்டும்தான் நிற்கும். எண்ணிக்கையை மாற்றினால், கீ எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்பது மாறும். ஒரே லாரியின் பழைய செய்தி ஓரிடத்தில், புதியது வேறிடத்தில். வரிசை முக்கியம் என்றால் புது டாபிக் போடு.

காசிமேடு: ஐஸ் கிடங்கு சென்சாரை கனெக்ட்டில் ரெஜெக்ஸ்ரௌட்டர் வைத்து, வெப்பநிலையைப் பார்த்துப் பிரிக்கலாமா?

கனெக்ட் என்பது காஃப்காவுக்கு உள்ளேயும் வெளியேயும் செய்தி கடத்தும் கருவி, ரெஜெக்ஸ்ரௌட்டர் அதில் ஒரு சிறு மாற்றி. அது டாபிக் பெயரைத்தான் மாற்றும், செய்திக்குள் எட்டிப் பார்க்காது. காஃப்கா 2.6 பதிப்பில் வந்த பிரெடிகேட்டும் (மாற்றியை எப்போது ஓட்டலாம் என்று சொல்லும் நிபந்தனை) டாபிக் பெயர், ஹெடர், டூம்ஸ்டோன் (உள்ளடக்கம் இல்லாத வெற்றுச் செய்தி) மூன்றைத்தான் பார்க்கும். வெப்பநிலை என்றால் ஸ்ட்ரீம்ஸ்தான்.

மணலி: உடைந்த ஜேசன் ஒன்று வந்தால் சிங்க் கனெக்டர் (காஃப்காவிலிருந்து வெளியே எழுதுவது) நின்றுவிடுகிறது.

எர்ரர்ஸ்.டாலரன்ஸ் என்ற அமைப்பை 'ஆல்' ஆக்கி, டெட் லெட்டர் டாபிக் (தப்பான செய்திகளை ஒதுக்கும் டாபிக்) பெயரும் கொடுங்கள். ஆல் மட்டும் போட்டால் தப்பானது காணாமலே போகும். மறுபடியும் சொல்கிறேன், ஒதுக்கி வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

தண்டையார்பேட்டை: புரோக்கரிலேயே ஃபில்டர்...

முதல் பதில்.

ராயபுரம்: டாபிக் பிரிக்கிறதே வீண் வேலைம்மா. கன்ஸ்யூமர்ல ஒரு இஃப் போட்டா முடிஞ்சது.

ஒரே ஒரு கன்ஸ்யூமர் என்றால் சரி அண்ணே. பத்து டீம் படித்தால் பத்து பேரும் மொத்தச் செய்தியையும் நெட்வொர்க்கில் இழுப்பார்கள், பத்து இஃப்பும் மூன்று மாதத்தில் பத்து விதமாகிவிடும்.

பெரம்பூர்: அப்போ லாரிக்கு ஒரு டாபிக் போட்டுடலாமா?

ஐயோ, வேண்டாம். ஆயிரக்கணக்கான பார்ட்டிஷன் ஆகும். கீ எதற்கு இருக்கிறது?

ராயபுரம்: ரேபிட்எம்கியூன்னு இன்னொரு செய்தி மென்பொருள் இருக்கே, அது இதையெல்லாம் புரோக்கரிலேயே செய்யுதே?

செய்யும், அதில் டாபிக் எக்ஸ்சேஞ்ச் என்ற பிரிப்பான் ரூட்டிங் கீயைப் பார்த்து அனுப்பும். பொருத்தும் வடிவத்தில் நட்சத்திரம் (*) ஒரு சொல்லுக்கு, ஹாஷ் (#) எத்தனை சொல்லுக்கும். ஆனால் அங்கேயும் கீயைத்தான் பார்க்கிறது அண்ணே, செய்தியை அல்ல. சாதாரணக் க்யூவில் படித்து அக் (பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல்) கொடுத்ததும் செய்தி போய்விடும், நேற்றையதைத் திரும்பப் படிக்க முடியாது. தகராறு வந்தால் நேற்று அந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று யார்டில் கேட்பார்களே, அப்போது என்ன காட்டுவீர்கள்?

ராயபுரம்: அதுக்கு டேட்டாபேஸ் இருக்கு.

இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி வேலை, சம்பளம் பற்றியென்றால் இங்கே வேண்டாம்.