15 சதவீதம் கையில் நிற்குமா?

சிவில் முடித்த மகன் வேலையை விட்டுவிட்டு வீடு கட்டும் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்கிறான், 15 சதவீதம் லாபம் என்கிறான், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த 15 அப்படியே வீட்டுக்கு வராது.

1,200 சதுர அடி வீடு, சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், கூலி எல்லாம் 25.5 லட்சம். மிச்சம் 4.5 லட்சம். இதில் சூப்பர்வைசருக்கு மாதம் 20,000 வீதம் 8 மாதத்துக்கு 1.6 லட்சம், பெட்ரோல், ஆடிட்டர், சாவி கொடுத்த பிறகு வரும் ரிப்பேர் என்று 60,000 போனால் நிற்பது 2.3 லட்சம். 8 சதவீதம்கூட இல்லை. வேலை 4 மாதம் இழுத்தால் சம்பளத்திலேயே இன்னும் 80,000 கரையும். நானே சைட்டில் நின்றால் அது மிச்சம்தானே என்பார் தம்பி. அது அவருடைய கூலி, லாபமில்லை.

ரேட் போடும்போதே சறுக்குபவர்கள் அதிகம். 25.5 லட்சத்தின் மேல் 15 சதவீதம் கூட்டினால் 29,32,500தான் வரும். மொத்த பில்லில் பார்த்தால் அது 13 சதவீத லாபம்தான். 15 வேண்டுமென்றால் செலவை 0.85ஆல் வகுக்க வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் சதுர அடி ரேட்டில் சேருமா, ஜிஎஸ்டி தனியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், எல்லாம் உள்ளடக்கம் என்றே வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலை. 1,000 சதுர அடி ரூஃபை 5 இன்ச்சில் போடாமல், பலகை மட்டம் தப்பி 5½ ஆகிவிட்டால் 42 கன அடி கான்கிரீட் கூடுதல். ரூஃபுக்குப் போடும் எம்20 என்ற கான்கிரீட் கலவைக்கு 9 மூட்டை சிமென்ட் அதிலேயே போச்சு. ஜல்லி, மணல் தனி. பில்லில் இதை யாரிடமும் கேட்க முடியாது.

வேலையை இப்போதே விட வேண்டாம். முதலில் கூலி காண்ட்ராக்ட் ஒன்று எடுக்கட்டும்: பொருளில் பணம் முடங்காது, தனி வீட்டுக்குக் கூலி மட்டும் என்றால் ஜிஎஸ்டியும் கிடையாது. மெட்டீரியலோடு எடுக்கும்போது பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்), ரூஃப் என ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் முன்கூட்டியே வரும்படி பேச வேண்டும். ரூஃப் போட்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கம்பிக் கடைக் கடன் அவர் தலையில்தான்.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வீட்டின் வரைபடத்தை எடுத்து, சிமென்ட், கம்பி, செங்கல் எவ்வளவு ஆகும் என்று தனியாக எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். வீடு முடிந்ததும் உண்மையில் ஆன கணக்கோடு ஒப்பிடட்டும். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் போடுவதைப் பற்றிப் பேசலாம்.