புதன்கிழமைச் சாலைகள்

அன்புள்ள அக்கா,

என் ஊர் உசிலம்பட்டி. தோட்டக்கலை டிப்ளமோ முடித்துவிட்டு, மூன்று வருடமாகப் பங்குனியிலிருந்து ஆனி வரை கொடைக்கானலில் ஒரு பூங்காவில் சீசன் வேலை பார்க்கிறேன். பாத்தி கட்டுவது, நாற்று நடுவது, களை எடுப்பது. புதன்கிழமை விடுமுறை. அன்று பைக்கை எடுத்துக்கொண்டு ஏதாவது மலைச்சாலையில் போய்விடுவேன். இந்த சீசனில் பழனி சாலை, அடுக்கம், தாண்டிக்குடி, போடிமெட்டு, மேகமலை ஐந்தும் பார்த்தாயிற்று. "அன்னைக்குக் கூலியும் கிடையாது, பெட்ரோலுக்கும் காசு. வீட்டுக்கு வந்தா ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகலாம்ல" என்கிறார் அம்மா. எனக்கும் ஒரு குறை. திரும்பி வந்து படுத்தால் எல்லா வளைவும் ஒன்றுபோல இருக்கிறது. மூணாறுக்குப் போகும் பழைய சாலையில் போக ஆசை, அங்கே விடுவதில்லை. இன்னும் ஐந்து புதன் இருக்கிறது. எங்கே போகலாம்?

க., கொடைக்கானல்

அன்புள்ள தம்பி,

புதன்கிழமை விடுமுறை கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். மதுரையிலிருந்து நாங்கள் சனி, ஞாயிறு பார்த்து ஏறினால் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகளின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகும் சீசன் ஞாயிறு சீசன் ஞாயிறுதான். நீங்கள் மலை மேலேயே இருக்கிறீர்கள். நாங்கள் மலைக்குப் போகிறோம், நீங்கள் மலையிலிருந்து இறங்குகிறீர்கள். காலை ஆறு மணிக்குச் சாலை உங்களுக்கு மட்டும்.

ஆனால் புதிதாக எந்தச் சாலையின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. மேகமலை ஏறும்போது 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பூ வளர்க்கிற உங்களுக்கே அது மனதில் நிற்கவில்லை என்றால், கொடைக்கானலிலிருந்து சின்னமனூர் வரை ஓட்டிய களைப்பில் வளைவை மட்டும்தான் பார்க்க முடிந்திருக்கிறது. போடிமெட்டும் அப்படித்தான். மலையை விட்டு இறங்கி, தேனி வெயிலில் காய்ந்து, இன்னொரு மலை ஏறி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இதில் எங்கே நிற்பது?

மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்க வருகிறவர்கள் பூத்து நிற்கிற பாத்தியை ஒரு நாள் பார்க்கிறார்கள். நீங்கள் அதே பாத்தியை மண் கொத்துவதிலிருந்து பார்க்கிறீர்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தச் செடிக்கு நிழல் விழும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சாலையையும் அப்படிப் பாருங்கள் என்கிறேன். ஒரே சாலை, ஐந்து புதன்.

என்னைக் கேட்டால் தாண்டிக்குடிச் சாலை. பெருமாள்மலை தாண்டித் திரும்பி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, சித்தரேவு வழியாக வத்தலக்குண்டு. காட்சிமுனை என்று யாரும் டிக்கெட் கொடுக்காத சாலை. மேலே குளிர். பிறகு சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரங்களிலேயே ஏறிய மிளகுக்கொடி, நடுவில் மலைவாழை. இன்னும் இறங்கினால் பலா. கடைசியில் மருதாநதி அணைப் பக்கம் அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிய இடமும் மரம் மாறுகிற இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். தாண்டிக்குடி பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழைய ஈமச்சின்னங்கள், இருக்கின்றன. தார் போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அங்கே மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் பங்குனியில் போனதும் முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். கோடை மழை ஒன்று பெய்து எட்டு, பத்து நாளில் காப்பி பூக்கும். மல்லிகை போலவே வெள்ளை, ஏறக்குறைய மல்லிகை வாசம். மூன்று நாலு நாளில் உதிர்ந்துவிடும், அதற்குள் போய்ப் பாருங்கள். மதுரை மல்லிக்கு நடுவில் வளர்ந்த எனக்கே ஒரு காலை அந்தச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு யார் தலையில் பூ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மழை எப்போது பெய்தது என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். அது மலையில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

மூணாறுச் சாலையை விட்டுவிடுங்கள், தம்பி. பேரிஜம் ஏரி தாண்டி அது காடாகிவிட்டது, காடாகவே இருக்கட்டும். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்தது நம் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. வனத்துறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு நானும் என் தங்கையும் ஸ்கூட்டரில் வத்தலக்குண்டு சாலையில் இறங்கினோம். பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில் கருகல் வாடை அடித்தது, அப்புறம் பிரேக் பிடிக்கவே இல்லை. பள்ளம் இல்லாத மலைமேட்டுப் பக்கமாகச் செடிகளில் உரசித்தான் நிறுத்தினேன். என் கை நடுங்கியதை இன்றும் உணர்கிறேன். வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "ஏறுன கியர்லயேதாம்மா இறங்கணும். இதுக்குக் கியர் இல்லையா, அப்ப நின்னு நின்னு போங்க" என்றார். பிரேக் ஆறும் வரை கூடவே இருந்தார். உங்களிடம் கியர் வண்டி. நியூட்ரலில் இறக்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள்.

அம்மா சொல்வதும் சரிதான். கூலியில்லாத நாளில் பெட்ரோல் செலவு என்பது நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் தாண்டிக்குடிச் சாலையைச் சொன்னேன். அது வத்தலக்குண்டில் முடிகிறது. அங்கிருந்து உசிலம்பட்டி பக்கம். ஐந்து புதனில் ஒன்றில் விடிந்ததும் கிளம்புங்கள். பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஒரு சீப்பு மலைவாழை வாங்கிக்கொள்ளுங்கள். தோல் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பழம் அப்போதுதான் இனிக்கும். மதியம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். சாயங்காலம் மேலே மூடுபனி இறங்கிவிடும்.

அம்மா எப்போதாவது மலைக்கு வந்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் நட்ட பாத்தியை அவர் பார்த்திருக்கிறாரா?

அன்புடன்,
அக்கா